எட்டுப் பேர் சேர்ந்து விறகுச் சூளை கட்டுகிறோம்: அளவு, கல், புகைபோக்கி பற்றிச் சில கேள்விகள்

மண்வாசல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து மண்பாண்டம் செய்கிறோம். நானும் இன்னொருவரும் பள்ளி ஆசிரியைகள். ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர், பல் மருத்துவர் ஒருவர், கல்லூரி மாணவர்கள் இருவர், வீட்டைப் பார்த்துக்கொண்டே பழகும் பெண்கள் இருவர். எல்லோரும் புதுச்சேரியில் வார இறுதி வகுப்புகளில் திருகையில் (குயவர் சக்கரத்தில்) வனையப் பழகியவர்கள்.

இதுவரை சுடுவதற்கு வாடகை மின்சூளையை நம்பியிருந்தோம். வாடகையைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சுடாத பச்சைப் பாத்திரங்களைக் காரில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உயிர் போய்விடுகிறது. வழியில் வரும் வேகத்தடைகள் எங்களுக்கு மனப்பாடம். ஒவ்வொன்றும் ஒரு குவளைக் கைப்பிடியையாவது விலையாகக் கேட்கும்.

இப்போது வங்கி ஐயாவின் நிலத்தில் பம்ப்செட் அறைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே விறகுச் சூளை ஒன்று கட்டலாம் என்று முடிவு செய்து, ஆளுக்குக் கொஞ்சம் பணமும் போட்டுவிட்டோம். ஆனால் கூடிப் பேசினால் எட்டுக் கருத்து வருகிறது. இடம்தான் தாராளமாக இருக்கிறதே, 60 கன அடிக்குக் கட்டிவிடலாம் என்கிறார் பல் மருத்துவர். நாட்டுச் செங்கல்லே போதும் என்று ஒருவரும், உயர்ந்த சூட்டைத் தாங்கும் ஃபயர் பிரிக் இல்லாமல் தொடவே கூடாது என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். கொத்தனாரோ சிமென்ட் இல்லாமல் சுவர் நிற்காது என்று தலையில் அடித்துச் சொல்கிறார். புகைபோக்கி எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். வளைவுக்கு இரும்புச் சட்டம் அடிக்க வேண்டுமா என்றும் தெரியவில்லை.

சூளை கட்டிய அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள். குழுவாகக் கட்டியவர்கள் என்றால் இன்னும் நல்லது.

வேளார்தெரு எழுதியது:

அம்மா, வணக்கம். எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து சூளை வைக்கிறோம். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் அரண்மனை கட்டப் போகிறவர்கள் மாதிரி இருக்கிறது. எங்கள் சூளைக்கு வட்டமாக ஒரு மண்சுவர், கீழே நெருப்பு போடும் வாய், அவ்வளவுதான். மேலே கூரையே கிடையாது. பானைகளை அடுக்கி, இடையிடையே வரட்டி வைத்து, மேலே வைக்கோல் பரப்பி, ஓட்டாஞ்சில்லுகளால் மூடி, ஏரி மண்ணைக் குழைத்து மெழுகிவிடுவோம். புகை போக நாலைந்து ஓட்டை விடுவோம். ஒவ்வொரு முறையும் மூடி புதிது. செலவு என்று பார்த்தால் வரட்டியும் விறகும் மட்டும்தான்.

சேர்ந்து சுடுவதும் எங்களுக்குப் புதிதில்லை. ஒரு தெருவுக்கு ஒரு சூளை இருக்கும். நாலு வீட்டுப் பானை ஒன்றாக வேகும். அவரவர் பானைக் கழுத்தில் அவரவர் கீறல் அடையாளம். பிரிக்கும்போது சண்டையே வராது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எது யாருடையது என்ற சண்டை வராது.

தண்ணீர்ப் பானை, குழம்புச் சட்டி, அகல் விளக்கு, அய்யனார் கோயில் குதிரைக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாவற்றுக்கும் அந்தச் சூடு போதும். நீங்கள் எந்த மண்ணில் செய்கிறீர்கள் என்று சொல்லவே இல்லையே? ஏரி மண் என்றால் இத்தனை செலவு செய்யாதீர்கள். பீங்கான் மாதிரி கெட்டியாக வர வேண்டும் என்றால் அது வேறு வேலை, எனக்குத் தெரியாத வேலை.

சவுக்குத்தோப்பு எழுதியது:

வேளார்தெரு ஐயா முதல் அடியிலேயே சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். மண்வாசல், என்ன மண்ணைச் சுடப்போகிறீர்கள்? இதற்குப் பதில் இல்லாமல் மற்ற எதற்கும் பதில் சொல்ல முடியாது.

ஏரி மண் 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸுக்குள் வெந்துவிடும். 1,100-ஐத் தாண்டினால் உப்பும், வளையும், கடைசியில் அடுக்கும் தட்டோடு உருகி ஒட்டிக்கொள்ளும். நாட்டுச் செங்கல்லும் அதே மண்தான், அதற்கும் அதே கதி. ஆகவே ஏரி மண்ணைச் சுடுவதென்றால் நாட்டுச் செங்கல்லும் மண் சாந்தும் போதும். ஐயா சொன்ன சூளையைவிடச் சற்றுப் பெரிதாகக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். புதுச்சேரியில் பழகியவர்கள் என்பதால் உயர்ந்த சூட்டில் கெட்டியாக வேகும் ஸ்டோன்வேர் மண்ணாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து அந்த ஊரில் பழகுகிறவர்களுக்கு ஸ்டோன்வேர்தான் கை மண். அதற்கு 1,200-க்கு மேல் வேண்டும். விறகுச் சாம்பல் பாத்திரத்தின் தோளில் விழுந்து தானே உருகிக் கண்ணாடி போன்ற பூச்சாக, கிளேஸ் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டால் கோன் (குறிப்பிட்ட சூட்டில் வளைந்து காட்டும் சிறு கூம்பு) 10, அதாவது ஏறக்குறைய 1,280-லிருந்து 1,300. அதன்பிறகு ஃபயர் பிரிக் பற்றி விவாதமே தேவையில்லை.

இனி அளவு. பல் மருத்துவர் மன்னிக்க வேண்டும், 60 கன அடி வேண்டாம். இடத்தைப் பார்த்துச் சூளையின் அளவை முடிவு செய்யக் கூடாது. அடுக்கும் நாளன்று கையில் எத்தனை பாத்திரம் இருக்கும் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். நெருக்கி அடுக்கினால் கன அடிக்குப் பத்துக் குவளை போகும். 60 கன அடிக்கு 600 குவளை. எட்டுப் பேர், சனி ஞாயிறு மட்டும் திருகையில் உட்காருகிறவர்கள், ஆளுக்கு 75 பாத்திரம் செய்து காயவைத்து, முதல் சூடு கொடுத்து, கிளேஸும் போட்டு முடிப்பதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடும். சரி, பாதி அடுக்கிச் சுடலாமே என்று தோன்றும். பாதி காலியான சூளையில் நெருப்பு காலியான பக்கமாகவே ஓடும். ஒரு மூலை வேகும், ஒரு மூலை வேகாது, விறகோ முழுச் சூளைக்கு ஆகும் அளவு ஆகும். குழுக்கள் உடைவது இங்கேதான். கட்டும்போது எல்லோரும் உற்சாகமாகச் செங்கல் சுமப்பார்கள். ஆண்டுக்கு ஒரே முறைதான் சுட முடிகிறது என்று ஆகும்போது ஒவ்வொருவராக மின்சூளைக்குத் திரும்பிப் போய்விடுவார்கள். 30 கன அடி கட்டுங்கள். ஆளுக்கு 35, 40 பாத்திரம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சுட முடியும். கை பழகுவதும் மண் படிவதும் அடிக்கடி சுட்டால்தான்.

வடிவத்துக்கு வருவோம். 30 கன அடிக்குச் சங்கிலி வளைவுதான் என் வாக்கு. அகலம், உயரம், ஆழம் மூன்றும் மூன்றரை அடி. தொங்கும் சங்கிலியின் கோட்டைத் தலைகீழாக்கினால் வரும் வளைவு அது. தன் எடையைத் தானே தரைக்கு இறக்கிவிடும், பக்கவாட்டில் தள்ளுவது குறைவு. அகலமும் உயரமும் ஒன்றாக இருந்தால் மிகவும் உறுதி. இரும்புச் சட்டம், வெல்டர் எதுவும் வேண்டாம். எப்படி வரைவது என்பதை ரசமட்டம் தம்பி என்னைவிட நன்றாகச் சொல்வார்.

அடுப்பு மட்டும் யோசித்துக் கட்ட வேண்டும். எமில் போரி என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் பெயரால் வழங்கும் அடுப்பு ஒன்று இருக்கிறது, அதையே கட்டுங்கள். சாதாரண அடுப்பில் விறகு தரையில் கிடக்கும், காற்று கீழிருந்து மேலே போகும். இதில் தலைகீழ். அடுப்பின் இரு ஓரங்களிலும் உள்ள திட்டுகளின் மேல் விறகு பாலம் மாதிரி குறுக்கே கிடக்கும். காற்று மேலிருந்து நுழைந்து விறகு வழியாகக் கீழே இறங்கும். சுடர் கீழ்நோக்கி இழுக்கப்பட்டு, அடியிலுள்ள வழியாகப் பாத்திர அறைக்குள் போகும். எரிந்து முறிந்த தணல் குழிக்குள் விழுந்து, அங்கே நுழையும் காற்றைச் சூடாக்கி அனுப்பும். மேலே போட்ட விறகு அந்தச் சூட்டில் காய்ந்து, தானே பற்றி, தானே விழும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடி ஓடிப் போட வேண்டியதில்லை. புகையும் குறைவு. வேலைக்குப் போகிறவர்கள் முறை வைத்துச் சுடுவதற்கு இது பெரிய உதவி.

அளவுகள்: புகைபோக்கியின் உட்புறம் 9-க்கு 9 அங்குலம் என்று வையுங்கள். விறகுச் சூளையில் அடுப்பின் எரிபரப்பு புகைபோக்கியின் குறுக்குப் பரப்பைப்போல் பத்து மடங்கு இருக்க வேண்டும். 81 சதுர அங்குலத்துக்குப் பத்து மடங்கு என்றால் ஐந்தரை சதுர அடிக்குச் சற்று மேல். அடுப்பு 3 அடி அகலம், 2 அடி ஆழம் இருந்தால் சரியாக வரும். புகைபோக்கி உயரத்துக்கு, நெருப்பு கீழிறங்கும் ஒவ்வோர் அடிக்கும் மூன்றடி, படுக்கைவசமாக ஓடும் மூன்றடிக்கு ஓரடி. உங்கள் அறை மூன்றரை அடி உயரம், அதற்குப் பத்தரை. அடுப்பு வாயிலிருந்து புகைபோக்கி வரை படுக்கைவசம் ஆறடி, அதற்கு இரண்டு. ஆக பன்னிரண்டரை. நான் 14 கட்டுவேன். இழுப்பு அதிகமானால் புகைவழியை அடைக்கும் டேம்பர் பலகையைத் தள்ளிக் குறைத்துக்கொள்ளலாம். புகைபோக்கியின் அடியில் இரண்டு கல்லைப் பூசாமல் வையுங்கள். அவற்றை உருவினால் குளிர்ந்த காற்று உள்ளே போய் இழுப்பு மட்டுப்படும். டேம்பரைவிட எனக்கு அந்த இரண்டு கல்தான் பிடிக்கும், கால் அங்குலம் நகர்த்தினாலே சூளை பேச்சைக் கேட்கும்.

கொத்தனாரிடம் பணிவாகச் சொல்லுங்கள்: சிமென்ட் ஒரு கரண்டி கூடக் கூடாது. 500 டிகிரியைத் தாண்டுவதற்குள் அதன் கட்டு விட்டுப் பொடியாகிவிடும். சூடு தாங்கும் களிமண்ணான ஃபயர் கிளேயும் பொடித்த பழைய ஃபயர் பிரிக்கும் கலந்து தோசை மாவுப் பதத்தில் கரைத்து, கல்லை அதில் முக்கி எடுத்து வைத்துத் தட்ட வேண்டும். இணைப்பு காகிதக் கனத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இந்தச் சாந்து ஒட்டுவதற்காக அல்ல, கல்லின் மேடுபள்ளத்தை நிரப்பி அசையாமல் உட்காரவைப்பதற்காக. நாளை சூளையைப் பிரிக்க வேண்டி வந்தால் கல் முழுதாகக் கிடைக்கும். குழுச் சூளைக்கு அது மிக முக்கியம், ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

ரசமட்டம் எழுதியது:

சவுக்குத்தோப்பு அக்கா என்னை வம்பில் மாட்டிவிட்டார். நான் கட்டட வேலைக்காரன். குயவர் ஒருவருக்காகச் சூளை கட்டப் போய் இந்தப் பைத்தியம் பிடித்தது.

வளைவை வரைய கிணற்று வாளிச் சங்கிலி போதும். முழு பிளைவுட் ஒன்றைச் சுவரில் சாய்க்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். மேலே மூன்றரை அடி இடைவெளியில் இரண்டு ஆணி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து ஒரே மட்டத்தில் அடிக்க வேண்டும். சங்கிலியை இரண்டிலும் மாட்டி, அதன் அடிவயிறு ஆணி மட்டத்திலிருந்து மூன்றரை அடி இறங்கும்வரை தளர்த்துங்கள். ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்து, சங்கிலியைத் தொடாமல் அதன் ஓரமாகப் பென்சிலால் புள்ளி புள்ளியாக வையுங்கள். கோடாக இழுத்தால் சங்கிலி நகர்ந்துவிடும். இந்தக் கோடுதான் சூளையின் உள்முகம். வளைவைக் கட்டும்போது தாங்கி நிற்கும் மரச் சட்டமான சென்ட்ரிங் மேல் அடிக்கும் ரீப்பர் கட்டையின் கனத்தைக் கழித்துவிட்டுப் பலகையை அறுக்க வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, வளைவு அரை அங்குலம் பெரிதாகி, தட்டு அளவு சரியாக வரவில்லை என்று புலம்புவார்கள்.

சென்ட்ரிங்கை நேராகத் தரையில் வைக்காதீர்கள். நான்கு மூலையிலும் ஆப்பு வைத்து அதன்மேல் உட்காரவையுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வரி வரியாக ஏற வேண்டும், ஒரு பக்கம் முந்தினால் சென்ட்ரிங் சாயும். உச்சிக்கல்லை மரச்சுத்தியால் இறக்கி முடித்ததும் ஆப்புகளைத் தட்டி எடுங்கள். சென்ட்ரிங் ஓர் அங்குலம் இறங்கும், வளைவு தானாக நிற்கும். உருவிவிடலாம். வளைவு திரும்பும் இடங்களில் சாய்வுக் கல் வேண்டும், ஆர்ச் பிரிக் என்று கேட்டால் தருவார்கள். நேர்க்கல்லை வைத்துச் சாந்தால் நிரப்பும் கொத்தனாரை அன்றோடு அனுப்பிவிடுங்கள்.

கல் கணக்கு வேண்டுமென்றால்: 9-க்கு 4.5-க்கு 3 அங்குலக் கல்லில், 9 அங்குலச் சுவருக்குச் சதுர அடிக்கு ஏறக்குறைய 11 கல், நாலரை அங்குலச் சுவருக்கு ஐந்தரைக்குச் சற்றுக் குறைவு. ஃபயர் பிரிக் ஒன்று நான்கு கிலோவை ஒட்டி இருக்கும். டெம்போ பேசும்போது எண்ணிக்கையைச் சொல்லாமல் எடையைச் சொல்லுங்கள். புகைபோக்கியில் அடியிலிருந்து ஐந்தாறு அடிவரை ஃபயர் பிரிக், அதற்கு மேல் நாட்டுச் செங்கல் போதும்.

தரை முக்கியம். கான்கிரீட் போட்டு அதன்மேல் நேராகச் சூளையை வைத்தால் சூடு இறங்கி கான்கிரீட் வெடிக்கும். கான்கிரீட்டின் மேல் ஹாலோ பிளாக்கைப் படுக்கவைத்து, ஓட்டைகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நேராக வருமாறு பரப்புங்கள். காற்று ஓடும், ஈரமும் ஏறாது. அதன்மேல் இரண்டு வரி நாட்டுச் செங்கல், பிறகு ஃபயர் பிரிக். பம்ப்செட் பக்கம் என்கிறீர்கள், தண்ணீர் தேங்கும் இடமாக இருந்தால் மேடையை இரண்டடி உயர்த்துங்கள். நனைந்த சூளைக்குள் போடும் விறகில் பாதி அந்த ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும்.

கூரைக்குத் தகரம் மட்டும். கீற்று வேண்டவே வேண்டாம். புகைபோக்கியைச் சுற்றி ஓரடி இடைவெளி விட்டு, மழைக்கு மேலே தனித் தொப்பி வையுங்கள்.

மண்வாசல் எழுதியது:

இத்தனை விவரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. மிக்க நன்றி. ஸ்டோன்வேர் மண்தான், கோன் 10 ஆசையும் இருக்கிறது. நேற்றுக் கூட்டத்தில் அக்காவின் குவளைக் கணக்கைப் படித்துக் காட்டினேன். பல் மருத்துவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, முப்பது" என்றார்.

இன்னும் இரண்டு சந்தேகம். மூடிய தொழிற்சாலை ஒன்றின் உலையைப் பிரித்த கற்கள் பாதி விலைக்கு வருகின்றன என்று ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா? கல்லூரிப் பிள்ளைகள், எடை குறைந்த வெள்ளைக் கல்லை உள்ளே வைத்தால் விறகு மிச்சமாகும் என்கிறார்கள். அது சரியா?

விறகுக்கு இங்கே சவுக்கும் கிடைக்கிறது, சீமைக்கருவேலம் இலவசமாகவே கிடைக்கிறது.

சவுக்குத்தோப்பு எழுதியது:

பழைய கல்லை வாங்கலாம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. முதலில் ஒரு கல்லைத் தராசில் வையுங்கள். ஒரே அளவுக் கல் நான்கு கிலோவுக்குப் பதில் ஐந்தரை, ஆறு என்று காட்டினால், நிறமும் பழுப்பாக இருந்தால், அது மேக்னசைட் கல்லாக இருக்கும். நம் சேலத்திலேயே மேக்னசைட் சுரங்கம் உண்டு என்பதால் இந்தப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் அது கலந்து வருவதில் ஆச்சரியமில்லை. நல்ல கல்தான், எஃகு உலைக்கு. ஃபயர் பிரிக்கோடு தொட்டுக்கொண்டு உயர்ந்த சூட்டில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஈரத்திலும் உதிரும். வேண்டாம். சரியான ஃபயர் பிரிக்காகவே இருந்தாலும், கசடு உருகி ஒட்டிய முகம் இருந்தால் அதை வெளிப்பக்கம் திருப்புங்கள். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், கணீர் என்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். புதிதாக வாங்குவதென்றால் அடுப்புக்கும் அறையின் உள்முகத்துக்கும் ஐ.எஸ். 8, மற்ற இடங்களுக்கு ஐ.எஸ். 6 என்று தரத்தைச் சொல்லிக் கேளுங்கள். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்கு ஒரு நடை போய் வாருங்கள், உங்களுக்கு அது தூரமில்லை.

எடை குறைந்த கல்லைப் பற்றிப் பிள்ளைகள் படித்தது மின்சூளைக்கும் எரிவாயுச் சூளைக்கும் பொருந்தும். விறகுச் சாம்பலில் பொட்டாஷும் சுண்ணாம்பும் இருக்கின்றன. பாத்திரத்தில் கிளேஸாக உருகும் அதே சாம்பல் கல்லின் துளைகளுக்குள்ளும் உருகி இறங்கும். பஞ்சுபோன்ற அந்தக் கல் சில சுடுதலிலேயே அரித்துக் கொட்டத் தொடங்கிவிடும். உள்ளே கெட்டிக் கல், அதன் முதுகில் எடை குறைந்த கல். பணம் போதாவிட்டால் களிமண்ணோடு உமியும் மரத்தூளும் பிசைந்து நான்கு அங்குலம் அப்புங்கள், முதுகுக்கு அதுவே போதும். செராமிக் ஃபைபர் போர்வையை உள்பக்கம் வைக்காதீர்கள். அதன் தூசி நெஞ்சுக்கு ஆகாது.

விறகில் என் பெயரே பதில் சொல்லும். சவுக்கு நீண்ட சுடராக எரியும், சாம்பல் மெல்லியதாகப் பறக்கும். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ரயில் எஞ்சின்களுக்கென்றே தோப்புத் தோப்பாக நட்ட மரம், சும்மாவா! சீமைக்கருவேலம் தணலாக நிற்கும். தொடக்கத்தில் மெதுவாகச் சூடேற்ற அது நன்று. 1,000-க்கு மேல் அதையே போட்டால் தணல் குழியை அடைத்துக் காற்று நின்றுவிடும், சூடு ஏற மறுக்கும். ஆகவே முதல் பாதி இலவசம், பின் பாதி சவுக்கு. சவுக்கை இரண்டே முக்கால் அடி நீளத்துக்கு வெட்டி, மணிக்கட்டுக் கனத்துக்குப் பிளந்து, ஒரு கோடை முழுவதும் தகரக் கூரையின் கீழ் காயவிடுங்கள். எங்கள் 30 கன அடிச் சூளைக்கு ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. பெயின்ட் அடித்த கட்டை, பிளைவுட் துண்டு எதையும் யார் அன்பாகக் கொடுத்தாலும் போடாதீர்கள்.

இப்போது குழு விஷயம். இதைக் கல் வாங்குவதற்கு முன் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நிலம் வங்கி ஐயாவுடையது, கல் யாருடையது? எங்கள் குழுவில் ஒருவர் வெளியூர் போனபோது தன் பங்குக் கல்லைக் கேட்டார். நின்றுகொண்டிருக்கும் சூளையிலிருந்து எட்டில் ஒரு பங்கை எப்படி உருவுவது? போட்ட பணம் திரும்பாது, ஆனால் சூளையைப் பிரித்தால் கல்லில் பங்கு உண்டு என்று முடிவு செய்த பிறகுதான் அமைதி. அடுப்புக்குப் பக்கத்து வரிசை யாருக்கு என்பதும் அப்படித்தான். சாம்பல் நன்றாக விழும் இடம் அது, எல்லோருக்கும் ஆசை வரும். முறை வைத்து மாற்றுங்கள். விறகு பிளக்க வராதவருக்கு அந்த முறை அந்த வரிசை கிடையாது. இது கடுமையாகத் தெரியலாம். தெரியட்டும்.

சுடும் நாளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் சில மணி நேரம் 100 டிகிரிக்குள்ளேயே வாட்ட வேண்டும், ஈரம் போகட்டும். 573-ல் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும், ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தில் அவசரம் கூடாது. மொத்தம் பதினான்கு முதல் பதினெட்டு மணி நேரம். சூடு அளக்கும் பைரோமீட்டர் இருக்கட்டும், ஆனால் கோனைத்தான் நம்புங்கள். சூட்டோடு நேரத்தையும் சேர்த்து அறிவது கோன்தான். விறகு போட்டதும் புகைபோக்கி கறுப்பாகக் கக்கும், பார்வைத் துளையிலிருந்து ஒரு சாண் நெருப்பு நாக்கு வெளியே வரும். சில நிமிடத்தில் புகை வெளுக்கும், நாக்கு உள்ளே போகும். நாக்கு உள்ளே போன பிறகு அடுத்த விறகு. முறைக்கு வருகிறவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், இதைப் பார்த்தால் போதும். துளைக்குள் பார்க்க வெல்டிங் கண்ணாடி வேண்டும். நைலான் புடவை, பாலியஸ்டர் துப்பட்டா யாரும் அடுப்புப் பக்கம் வரக் கூடாது, பருத்தி மட்டும்.

வேளார்தெரு எழுதியது:

அந்த அம்மா சொன்ன நாக்குக் கணக்கு எங்கள் சூளைக்கும் அப்படியே பொருந்தும். எங்களிடம் கோன் இல்லை. ஓட்டையில் தெரியும் பானையின் நிறம் பார்ப்போம், அதனால்தான் பொழுது சாய்ந்த பிறகு முடிகிற மாதிரி நெருப்பு வைப்பது. உச்சி வெயிலில் நிறம் தெரியாது. நீங்களும் கடைசி ஏற்றம் இரவில் வருகிற மாதிரி பற்றவையுங்கள். தை, மாசியில் முதல் சூளை வைத்தால் ஆளும் தாங்குவார்கள், மழைப் பயமும் இல்லை.

இன்னொன்று. உங்கள் கெட்டிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிக் குழம்பு வைக்காதீர்கள், வெடிக்கும். அதற்கு எங்கள் சட்டிதான்.

மண்வாசல் எழுதியது:

ஐயா, முதல் குழம்புச் சட்டி உங்களிடமே வாங்குகிறோம்.

வளைவுப் பலகையை வரும் ஞாயிறு வரையப் போகிறோம், சங்கிலி கிடைத்துவிட்டது. பழைய கல்லில் ஒன்றை இன்று எடை போட்டேன், ஐந்து கிலோ எழுநூறு. கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் விருத்தாசலம் போகிறோம். ஐ.எஸ். 8 எத்தனை, ஐ.எஸ். 6 எத்தனை என்று பட்டியல் போட்டு இங்கே இடுகிறேன். ரசமட்டம் அண்ணா ஒரு முறை பார்த்துச் சொல்ல வேண்டும்.

ரசமட்டம் எழுதியது:

இடுங்கள், பார்க்கிறேன். ஆர்ச் பிரிக்கைத் தனியாகக் கணக்குப் போடுங்கள், அதைத்தான் எல்லோரும் குறைத்து வாங்கிவிட்டு இரண்டாவது டெம்போ வாடகை கொடுக்கிறார்கள். மொத்தத்தில் பத்து விழுக்காடு உடைசலுக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.